பண்டா ஆச்சே சுனாமி அருங்காட்சியகம்: பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

போகலாம். போயே ஆக வேண்டும் என்றுதான் சொல்வேன். ஐந்தாறு வயதுக் குழந்தைகளை மட்டும் முதல் பகுதியில் நடக்க வைக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மேல்வகுப்பு படிக்கிற பிள்ளை, அதுவும் கடலோரத்தில் பிறந்த பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தோனேசியா என்றதும் பாலிக்கு டிக்கெட் போடுவதற்கு முன் சுமத்ராவின் வடமுனையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான்.

நான் நாகப்பட்டினத்துக்காரி. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் புவியியல் எடுக்கிறேன். மீனவக் குடும்பம். என்னோடு வந்தவள் அண்ணன் மகள், பிளஸ் டூ முடித்தவள். 2004 டிசம்பர் 26 காலையில் அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மாலையில் ஒருவரும் இல்லை. அண்ணி அதற்கு முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்குக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு அப்போது தமிழக அரசு பண உதவி செய்தது. அப்படிப் பிறந்தவர்களில் இவளும் ஒருத்தி. மாலை போட்ட இரண்டு படங்களுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். அந்தப் படங்களைப் பற்றி அவளும் அதிகம் கேட்டதில்லை, நாங்களும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஆகவே இந்தக் கட்டடத்தை நான் பார்த்ததெல்லாம் அவள் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். அலைக்குப் பின் பிறந்தவர்களுக்கு இது எதைக் கொடுக்கிறது என்பதே என் அளவுகோல். நிறையக் கொடுக்கிறது.

நகர நடுவில், பிளாங் படாங் மைதானத்துக்குப் பக்கத்தில், பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி நிற்கிறது. 2007-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்றவர் ரித்வான் காமில். பாண்டுங்கைச் சேர்ந்த கட்டடக் கலைஞர், பின்னாளில் மேற்கு ஜாவாவின் ஆளுநரும் ஆனார். 2009 பிப்ரவரியில் திறந்துவைத்தார்கள். சாலையிலிருந்து பார்த்தால் பெரிய கப்பல் ஒன்று நிற்பதாகத் தெரியும். வெளிச்சுவரில் பின்னல் பின்னலாக ஓடும் கோலம், ஆச்சே மாகாணத்தின் சமான் நடனத்தில் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்து ஆடுகிறவர்களின் அசைவிலிருந்து எடுத்தது. ஆச்சே மரவீடுகள் கால்கள் மேல் நிற்பதுபோல இதன் கீழ்த்தளமும் தூண்களுக்கிடையே திறந்து கிடக்கிறது, தண்ணீர் வந்தால் புகுந்து போகட்டும் என்று. கூரை புல் வளர்ந்த மேடு. இன்னொரு அலை வந்தால் ஊர்க்காரர்கள் ஏறி நிற்பதற்காகவே அந்த மேடு. போட்டிக்கு அனுப்பிய வரைவிலேயே இதைத் தப்பிக்கும் குன்று என்றுதான் அவர் குறித்திருந்தார். நினைவுச் சின்னம் என்று எத்தனையோ தூண்களைப் பார்த்துவிட்டேன். அடுத்த முறை உயிரைக் காக்கவும் சேர்த்துக் கட்டிய நினைவுச் சின்னத்தை இங்கேதான் பார்த்தேன். இதற்கு மட்டுமே நூற்றுக்கு நூறு கொடுப்பேன்.

அன்று இந்த ஊருக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, அங்கே காலை 7:58. நம் நேரம் 6:28. சுமத்ராவின் மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு பர்மா தட்டுக்குக் கீழே வழுக்கியது. கிழிசல் அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்கிற அளவு 9.1. பண்டா ஆச்சேயில் நிற்க முடியாதபடி பல நிமிடங்கள் ஆடியது. ஆட்டம் நின்று, மக்கள் தெருவுக்கு வந்து, இடிந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடல் வந்தது. இருபது நிமிடம்கூட இடைவெளி இருந்ததோ என்னவோ. நகரம் ஆற்று முகத்துவாரத்தின் சமதளத்தில் இருப்பதால் தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போயிற்று. நகர மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் போய்விட்டார்கள். இந்தோனேசியா முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 1,60,000-க்கும் மேல். எங்கள் நாகை மாவட்டத்தில் 6,065 பேர். அதுவே எங்களுக்குத் தாங்காத கணக்கு. அந்த ஊரில் நின்று 1,60,000 என்று சொன்னபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

வாயிலில் நசுங்கிய ஹெலிகாப்டர் ஒன்றை வைத்திருக்கிறார்கள், போலீசுடையது. அதைக் கடந்ததும் நான் முதலில் எச்சரித்த பகுதி. ஒடுக்கமான, இருண்ட நடைபாதை. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள், சுவர்களில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. துளிகள் தோளில் தெறிக்கின்றன. தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஓதும் குரல் மெல்லக் கேட்கிறது. முப்பது மீட்டர் தூரம் இருக்கலாம். எனக்கு நெஞ்சு அடைத்தது. பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவர் ஈரம். அண்ணன் மகள் என் மணிக்கட்டைப் பிடித்து, "வாங்க அத்தை, வெளிச்சம் தெரியுது பாருங்க" என்று முன்னால் நடந்தாள். பெரியவளாகிய நான் கூட்டிப் போவேன் என்று நினைத்த இடத்தில் அவள் என்னைக் கூட்டிப் போனாள்.

இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலையில் சிக்கி மீண்டவர் யாராவது உங்களோடு வந்தால் இந்தப் பாதையில் அவரை விடாதீர்கள். நுழைவிலேயே பணியாளரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கள். பார்க்காதவர்களுக்கு உணர்த்துவதற்காகக் கட்டிய பாதை அது, பார்த்தவர்களுக்குத் தேவையில்லை. சின்னக் குழந்தைகளுக்கும் அப்படியே. இருட்டும் தண்ணீரும் சேர்ந்தால் அவர்கள் பயப்படுவார்களே தவிர எதுவும் புரியாது.

அடுத்து நினைவுக் கூடம். 26-ஆம் தேதியைக் குறிக்கும் 26 திரைகள், அவற்றில் புகைப்படங்கள். படங்களைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் சுனாமியை அறிந்தோம் என்பதால் இங்கே நான் அதிகம் நிற்கவில்லை.

நிற்க வேண்டிய இடம் அதற்கடுத்த அறை. பிரார்த்தனைக் கிணறு என்கிறார்கள். வட்டமான சுவர், மேலே போகப் போகக் குறுகுகிறது. சுவர் முழுக்க இறந்தவர்களின் பெயர்கள், ஏறத்தாழ 2,000. உச்சியில் ஒரு துவாரம். அதில் அரபு எழுத்தில் அல்லாஹ் என்ற பெயர், அதன் வழியாகத்தான் வெளிச்சம் இறங்குகிறது. யாரும் பேசுவதில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, பேரன் தூக்கிப் பிடித்த கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் விரலால் தொட்டுவிட்டு, பேரனையும் தொடச் சொன்னார்.

அப்போதுதான் அண்ணன் மகள் கேட்டாள்: "அத்தை, நம்ம ஊர்ல அண்ணன் பேரும் அக்கா பேரும் எங்க எழுதியிருக்கு?"

படங்களில் இருக்கும் அந்த இரண்டு பேரை அண்ணன், அக்கா என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். ஆறு வயதிலும் மூன்று வயதிலும் நின்றுபோனவர்கள் அவளுக்கு மூத்தவர்கள்தானே. பழைய ரேஷன் அட்டையில் இருந்தது என்றேன். அதில் கோடு போட்டு அடித்து, நீக்கம் என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். நிவாரணப் பட்டியலில் இருந்திருக்கும், தாலுகா அலுவலகத்துக் கோப்பில் எங்காவது இருக்கும். வேறு என்ன சொல்ல? ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம், கடலில் பால் ஊற்றுகிறோம், மௌன ஊர்வலம் போகிறோம். அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விரல் வைத்துத் தொட்டுக் காட்ட ஒரு பெயர் வேண்டியிருக்கிறது என்று எனக்கு அந்தக் கிணற்றில்தான் உறைத்தது.

இந்த அருங்காட்சியகத்தை வைத்து மதிப்பெண் போடச் சொன்னால், பெயர்கள் இருக்கும் இந்த ஒரு அறைக்காகவே நான் இவ்வளவு தூரம் திரும்பவும் வருவேன்.

கிணற்றிலிருந்து வெளியேறும் சாய்தளம் வளைந்து வளைந்து ஏறுகிறது. திசை தெரியாமல் தவித்த மக்களின் மனநிலையைக் காட்டவாம். ஏறி முடித்தால் திடீரென்று வெளிச்சம், கீழே நீர்த்தடாகம், மேலே பாலம். நம்பிக்கைப் பாலம். உதவிக்கு வந்த 54 நாடுகளின் கொடிகளும், அவரவர் மொழியில் அமைதி என்ற சொல்லும் தொங்குகின்றன. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்பாடு, ஆச்சே விடுதலை இயக்கத்துக்கும் அரசுக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்த போரை முடித்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு வழிவிட்டதில் அலைக்கும் பங்குண்டு என்று ஆச்சேக்காரர்களே சொல்கிறார்கள். நம் கடற்படையும் அந்த வாரங்களில், நம் கரையிலேயே பிணங்கள் கிடந்தபோதும், ஐ.என்.எஸ். நிருபக்கை மருத்துவக் கப்பலாக்கிச் சுமத்ராவுக்கு அனுப்பியது. இதைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி அவளிடம் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இது இல்லை.

மேல்மாடிதான் என் போன்ற ஆசிரியர்களுக்குத் தீனி. நிலநடுக்கத்தை உணர்த்தும் ஆட்ட மேடை, புவித்தட்டுகளின் மாதிரிகள், அலை எப்படி எழுகிறது என்ற விளக்கங்கள். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து ஆட்ட மேடையில் ஏறிக் கத்துகிறார்கள். இருக்கட்டும், கத்தட்டும். அவர்கள் யாரும் 2004-இல் பிறந்திருக்கவில்லை.

இங்கேதான் எங்கள் வீட்டில் இருபது ஆண்டாக யாரும் கேட்காத கேள்வி வெளியே வந்தது. அண்ணன் அன்று கடலில் இருந்தவர். விசைப்படகில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், கடல் வழக்கம்போல் இருந்தது. திரும்பி வரும் வழியில் தண்ணீரில் கூரைக் கீற்றும் கட்டிலும் மிதப்பதைப் பார்த்துத்தான் எதுவோ ஆகிவிட்டது என்று புரிந்திருக்கிறது. கடலில் பிறந்து கடலில் வளர்ந்த மனுஷனுக்குக் கடல் தன் வீட்டுக்குப் போவது தெரியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி அவரை விட்டுப் போகவே இல்லை. ஊரில் சிலரும் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார்கள். மகள் அதையெல்லாம் எங்கோ கேட்டிருக்கிறாள் போலும்.

"அத்தை, அலை அப்பா படகுக்கு அடியிலதானே போயிருக்கும்? ஏன் அவருக்குத் தெரியல?"

அலை வரைபடத்துக்கு முன்னால் நின்று பதில் சொன்னேன். ஆழ்கடலில் சுனாமி மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஆனால் உயரம் மிகக் குறைவு. நிலநடுக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து வங்காள விரிகுடாவுக்கு மேலே பறந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அன்றைய அலையை அளந்தது; ஆழ்கடலில் அதன் உயரம் 60 சென்டிமீட்டர் அளவுதான். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அவ்வளவு நீண்ட அலை படகுக்கு அடியில் போனால், பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு படகை இரண்டு மூன்று அடி தூக்கி, அதே நிதானத்தில் இறக்கிவிடும். எந்த மீனவனுக்கும், எந்த மாலுமிக்கும் தெரியாது. கரை ஆழம் குறையக் குறையத்தான் அலை வேகம் இழந்து, பின்னால் வரும் தண்ணீர் முன்னால் வந்ததன் மேல் ஏறி, உயரமாகிறது.

அவள் அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டாள். அன்றிரவு அறையிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, வகுப்பு எடுப்பதுபோல் முழுவதையும் சொன்னாள். யாருக்குமே தெரிந்திருக்காதாம் அப்பா, கணக்கே அப்படியாம் என்றாள். மறுமுனையில் அண்ணன் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நான் வகுப்பில் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக எடுக்கிறேன். அண்ணனுக்கு எடுத்ததில்லை.

ஆசிரியையாக ஒரு கருத்து வேறுபாடும் உண்டு, அதையும் வைத்துவிடுகிறேன். இங்கே பிள்ளைகள் கற்றுக்கொண்டு போவது, நிலம் பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்பது. ஆச்சேக்கு அது முழுக்கச் சரி. சிமெலுவே தீவில் 1907-இல் வந்த அலையைப் பாட்டிமார்கள் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிச் சொல்லி வைத்திருந்ததால், 2004-இல் ஏறத்தாழ 78,000 பேர் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழே பேர். பிளவுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும்! கருவி எதுவும் இல்லாமல், சைரன் இல்லாமல், பாட்டி சொல் காப்பாற்றியது.

ஆனால் நம் பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் ஆபத்து. நாகையில் அன்று ஓடிப்போகும் அளவுக்கு நிலம் ஆடவில்லை. கடலும் முதலில் உள்வாங்கவில்லை. பிளவுக்குக் கிழக்கே கடல்தளம் தாழ்ந்தது, மேற்கே உயர்ந்தது. அதனால் சுமத்ராவுக்கும் தாய்லாந்துக்கும் முதலில் பள்ளம் போனது, கடல் பின்வாங்கியது. இலங்கைக்கும் நமக்கும் முதலில் வந்ததே முகடுதான். உள்வாங்கியதெல்லாம் அதற்கப்புறம்; அந்த நேரத்தில் ஆளைத் தேடி, படகைத் தேடிக் கடற்கரைக்குப் போனவர்களை அடுத்த அலை வாரிக்கொண்டு போயிற்று. அவர்களுக்கு இருந்தது இருபது நிமிடம், ஆனால் பூமியே எச்சரித்தது. நமக்கு இருந்தது இரண்டரை மணி நேரம், எச்சரிக்க ஒருவரும் இல்லை. எனவே நம் கரையில் செய்திதான் சைரன். ஹைதராபாத்தில் 2007-இலிருந்து இயங்கும் எச்சரிக்கை மையம் சொல்வதைக் கேட்டு நகர வேண்டும். கடலைப் பார்த்து முடிவு செய்ய நேரம் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த வேறுபாட்டை அங்கேயே, அந்த மாதிரிகளுக்கு முன்னால் நிறுத்திச் சொல்லிக் கொடுங்கள்.

ஆச்சேக்காரர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் ஆடியது. மக்கள் தப்பிக்கும் கட்டடங்களில் ஏறுவதை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஏறி, சாலைகளெல்லாம் அடைத்துக்கொண்டன. அன்று பெரிய அலை வராதது அதிர்ஷ்டம். நாகையிலும் அன்று நாங்கள் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றோம். கட்டடம் கட்டினால் போதாது, அதில் ஏறிப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அருங்காட்சியகத்துக்குப் பள்ளிகள் வருவது முக்கியம்.

தமிழர்கள் அங்கே போகும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ராஜேந்திர சோழன் 1025-இல் கடல் கடந்து வென்ற இடங்களில் இலாமுரிதேசம் என்று கல்வெட்டில் வருவது இந்த வடமுனைதான். பண்டா ஆச்சேயின் நெயுசு பகுதியில் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அந்தக் கரையோரத்து வணிகக் குடியிருப்புகள் 1394 வாக்கில் ஒரு சுனாமியில் அழிந்தன என்று அங்கே கள ஆய்வு செய்த ஆய்வாளர்கள் 2019-இல் எழுதியிருக்கிறார்கள். மேட்டில் இருந்த இலாமுரி மட்டும் தப்பியது. நகரத்துக்குத் தெற்கே லோங் பகுதியில் கடலோரக் குகை ஒன்று உண்டு. அதில் வௌவால் எச்சத்துக்கு நடுவே படிந்த மணல் அடுக்குகளை எண்ணினால் இன்றைக்கு 7,400-லிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பதினோரு சுனாமிகள். சில சமயம் ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. சில சமயம் அடுத்தடுத்து. புவியியல் படிக்கிற பிள்ளை யாராவது வந்தால் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அருங்காட்சியகத்தோடு நின்றுவிட வேண்டாம். புங்கே பிளாங் சுட் பகுதியில் பி.எல்.டி.டி. அப்புங் நிற்கிறது. 2,600 டன் எடையுள்ள மின்னுற்பத்திக் கப்பல். உலே லியூ துறைமுகத்தில் நின்றதை அலை தூக்கிக்கொண்டு வந்து, சில கிலோமீட்டர் உள்ளே, வீடுகளுக்கு நடுவில் வைத்துவிட்டது. அப்புறம் அதை அசைக்க முடியவில்லை, அப்படியே காட்சிப்பொருளாக்கிவிட்டார்கள். மேல்தளத்தில் ஏறினால் நான்கு பக்கமும் ஓட்டுக்கூரைகள், மசூதிக் கோபுரங்கள், தொலைவில் கடல். அந்தத் தொலைவைக் கண்ணால் பார்த்தபோதுதான் அண்ணன் மகளுக்குத் தண்ணீரின் பலம் விளங்கியது.

லம்புலோவில் இருப்பது வேறு மாதிரி. ஒரு வீட்டின் மாடி மேல் மீன்பிடிப் படகு உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் ஏற ஏற அந்த வீட்டு மாடியில் தஞ்சம் புகுந்தவர்கள், வந்து முட்டி நின்ற படகுக்குள் ஏறி உயிர் பிழைத்தார்கள், 59 பேர். எனக்கு இதைப் பார்ப்பது சிரமமாக இருந்தது. எங்களூரில் படகுகள் அடித்துக்கொண்டு வந்து அக்கரைப்பேட்டைப் பாலத்தில் மோதிக் குவிந்ததைப் பார்த்தவள் நான். அங்கே படகு ஆளைக் கொன்றது, இங்கே காப்பாற்றியிருக்கிறது. அண்ணன் மகள் படகின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்து, ஆணி அடித்த விதம் நம்ம ஊர் மாதிரி இல்லையே என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மீனவர் வீட்டுப் பெண்.

ஊர் சுற்றும்போது தெருக்களில் கம்பங்களைக் கவனியுங்கள். ஜப்பான் உதவியோடு நட்டவை, நகரமெங்கும் 85. அந்த இடத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று ஒவ்வொன்றும் காட்டும். பள்ளிக்கூட வாசலில்கூட ஒன்று பார்த்தேன், என் தலைக்கு மேலே வெகு உயரத்தில் குறி. பிள்ளைகள் அதன் கீழே நின்று ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு இப்படி ஒன்று வேண்டும் என்று ஊர் நாட்டார்களிடம் பேசியிருக்கிறேன். பஞ்சாயத்தில் வைக்கிறோம் என்றிருக்கிறார்கள்.

இனி நடைமுறை விஷயங்கள். எல்லாம் சேர்த்து அரை நாளில் காட்டுகிறோம் என்று சொல்லும் பயண ஏற்பாட்டாளர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அமைந்தவர் கிணற்றறையில் நிற்கும்போதே கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவரை அனுப்பிவிட்டு நாங்களே பெச்சாக் பிடித்துக்கொண்டோம். மோட்டார் சைக்கிளோடு பக்கத்தொட்டி இணைத்த வண்டி அது. பேரம் பேசி, எல்லா இடத்துக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். பாக் என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். நாகப்பட்டினம் என்று கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி, கடலுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் நாங்கள் என்று மொழிபெயர்ப்புச் செயலியில் சொன்னதும், தலையை ஆட்டிவிட்டு, அலை எத்தனை மணிக்கு வந்தது என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியை அந்த ஊரில்தான் கேட்பார்கள். ஒன்பது மணி வாக்கில் என்றேன்.

நண்பகல் தொழுகை நேரத்தில் அருங்காட்சியகத்துக்கு இடைவேளை உண்டு. காலையிலேயே போய்விடுவது நல்லது. பள்ளி விடுமுறை நாளில் கூட்டம் அதிகம், கிணற்றறையில் நிதானமாக நிற்க முடியாது. ஆச்சேயில் இஸ்லாமியச் சட்டம் நடப்பதால் பெண்கள் கையும் காலும் மூடிய தளர்வான உடை போட்டுக்கொள்ளுங்கள். நான் சுடிதாரும் துப்பட்டாவுமாகப் போனேன், ஒரு சிரமமும் இல்லை. பைதுர்ரஹ்மான் பெரிய பள்ளிவாசலுக்குள் போக வேண்டுமானால் தலையையும் மறைக்க வேண்டும். அலையில் சுற்றுப்புறம் சிதைந்தபோதும் நின்ற பள்ளிவாசல் அது. மேலே ஏறியவர்கள் பிழைத்தார்கள். சாப்பாட்டுக்கு மீ ஆச்சே என்கிற காரமான நூடுல்ஸ், நண்டு போட்டுக் கேளுங்கள். நம் நாக்குக்குப் பழகிய மசாலா. காபி அங்கே தனிச் சிறப்பு. உலே காரெங் பக்கம் காபிக் கடையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

டிசம்பர் 26 அன்றே போகலாமா என்று பள்ளியில் சிலர் கேட்டார்கள். அன்று சிரோனிலும் உலே லியூவிலும் உள்ள பெருங்கல்லறைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ஓதுவார்கள். சிரோனில் மட்டும் 46,000-க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் தெரியாமல் அடக்கியிருக்கிறார்கள். கடல் மரபைக் காக்கும் பங்லிமா லாவோட் என்ற தலைவர்களின் கட்டளைப்படி ஆச்சே மீனவர்கள் அன்று கடலுக்குப் போவதில்லை. நம் மீனவர்களும் போவதில்லை. இழப்பில்லாதவர்கள் வேறு நாளில் போவதே முறை என்பது என் எண்ணம். எங்களுக்கும் அன்று அக்கரைப்பேட்டையில் இருந்தாக வேண்டும். அதனால் மே விடுமுறையில் போனோம். வெயில் நம்மூர் அளவுக்கு இல்லை, மழைக்கு மட்டும் குடை வைத்துக்கொள்ளுங்கள்.